யார் வீட்டில் வகுப்பு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பல்கலைக்கழக மாணவர்கள் ஆன்லைன் வகுப்பை எப்படி வாழ்ந்து பார்த்தார்கள் என்பதுதான் இன்றைய பொருள். இதைத் திருப்பதியில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் எடுசாட் என்ற செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது. கல்விக்கென்றே இந்தியா செய்து அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. எங்கோ ஓர் அரங்கில் ஆசிரியர் பாடம் சொல்ல, வேறு வேறு ஊர்க் கல்லூரிகளில் மாணவர்கள் கூடி உட்கார்ந்து கேட்டு, அங்கிருந்தே அவரிடம் கேள்வியும் கேட்கலாம் என்பது ஏற்பாடு. 2010 வரை அது இயங்கியது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது ஸ்ரீஹரிகோட்டா இந்த மாவட்டத்துக்குள் வந்தது. தொலைவிலிருந்து பாடம் நடத்தும் முயற்சிக்கு ஏவுதளமாக இருந்த மண் இது. இந்த மண்ணிலும் பக்கத்துச் சித்தூரிலும் 2020ஆம் ஆண்டில் நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மொட்டைமாடிக்கும் ஏரிக்கரைக்கும் போனார்கள். வானத்தில் வழி இருந்தது, வீட்டில் இல்லை. ஏன் அப்படி ஆயிற்று என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் மூன்றாம் வாரத்தில் கொரோனா பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டன. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், குப்பத்தில் 1997 முதல் இயங்கும் திராவிடப் பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐ.ஐ.டி., திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கல்லூரிகள் என எல்லா விடுதிகளும் காலியாயின. மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புங்கனூருக்கும் பலமநேருக்கும் நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் திரும்பினார்கள். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று புத்தகங்களை விடுதியிலேயே விட்டுப் போனவர்கள் பலர். ஆந்திரக் கல்லூரிகள் படிப்படியாகத் திறந்தது அந்த ஆண்டு நவம்பரில்தான். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்ததும் மறுபடியும் வீடு.

அதே 2020 மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நின்றது. ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் மீண்டும் தொடங்கியது. ஊருக்கே படியளக்கும் கோயில் இது. பூக்கடை, வாடகை வண்டி, சிற்றுண்டிக் கடை, தங்கும் விடுதி, முடி காணிக்கை என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அதைச் சுற்றித்தான் பிழைப்பு. வீட்டில் வருமானம் நின்ற அதே வாரங்களில்தான் பிள்ளைக்கு ஸ்மார்ட்போன் வேண்டும், மாதாமாதம் நெட் பேக் போட வேண்டும் என்ற செலவு வந்து சேர்ந்தது. இணையவழிக் கல்வி பற்றிய ஆய்வுகளில் 'அணுகல்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். இங்கே அதற்குப் பொருள், அரிசி வாங்குவதா ரீசார்ஜ் செய்வதா என்ற முடிவு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பறை என்பது அரசும் சமூகமும் சேர்ந்து மாணவருக்குக் கொடுத்த இடம். சொந்தமாக ஓர் அறை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே மேசை உண்டு, விளக்கு உண்டு, மின்விசிறி உண்டு, யாரும் குறுக்கே கூப்பிடாத ஒரு மணி நேரம் உண்டு. ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது நாம் பாடத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பினோம். இடத்தைக் கொடுக்கும் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டோம். மாணவர் பட்ட துன்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவை.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 75ஆவது சுற்று ஆய்வு, பெருந்தொற்றுக்குச் சற்று முன் 2017-18இல் நடந்தது. அப்போது நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 23.4. இணைய வசதி கிராமத்தில் 14.9 விழுக்காடு வீடுகளில், நகரத்தில் 42 விழுக்காடு வீடுகளில். இந்த எண்கள் அரசின் கையிலேயே இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டுதான் 'நாளை முதல் வகுப்பு இணையத்தில்' என்று நாடு முழுவதும் அறிவித்தோம்.

நகரியையும் புத்தூரையும் எடுத்துக்கொள்ளுங்கள். விசைத்தறி ஓடும் ஊர்கள். பல வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயோ வீட்டை ஒட்டியோ இருக்கும். தறி ஓடினால்தான் அன்றைக்குக் கூலி, ஆகவே பிள்ளையின் வகுப்புக்காக அதை நிறுத்த முடியாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவியிடம் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். விடை அவளுக்குத் தெரியும். ஆனால் மைக்கை ஆன் செய்தால் முப்பது நாற்பது பேருக்கும் தறிச் சத்தம் கேட்கும். யாராவது சிரிப்பார்கள், யாராவது 'மியூட் பண்ணுங்க' என்பார்கள். அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். ஆசிரியரின் திரையில் தெரிவது ஒரு பெயரும் சிவப்புக் கோடு விழுந்த மைக்கும்தான். 'பதில் சொல்லவில்லை' என்று அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். மாணவர்களோடு பேசும்போது இப்படிப்பட்ட மௌனங்களைத்தான் நான் அதிகம் கேட்டேன். நெட் இல்லாததைவிட, வீடு தெரிந்துவிடுமே என்ற கூச்சம் அவர்களை அதிகம் வாட்டியிருக்கிறது. கேமராவை ஆன் செய்யச் சொன்னால் ஓலைக் கூரையும், கொடியில் தொங்கும் துணியும், பின்னால் படுத்திருக்கும் பாட்டியும் தெரியும். கல்லூரியில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோது யார் வீடு எப்படி என்று யாருக்கும் தெரியாது. அந்த மறைப்பு எவ்வளவு பெரிய மரியாதை என்பது அது போன பிறகுதான் நமக்குப் புரிந்தது.

வீட்டில் இடம் கிடைத்தவர்களுக்கும் அடுத்த தடை டேட்டா. நேரலை வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி வரை இழுக்கும். பலரும் போட்டிருந்த பேக்கில் நாளொன்றுக்குக் கிடைத்தது ஒன்றரை ஜிபி. முதல் இரண்டு வகுப்போடு அன்றைய படிப்பு முடிந்தது. தம்பிக்கும் அதே போனில் ஹாட்ஸ்பாட் என்றால் ஒரு வகுப்புகூட முழுதாய் நிற்காது. ஆனால் அதே பாடத்தைக் குரலாக மட்டும் பதிவு செய்து சுருக்கிக் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரப் பேச்சு 30 எம்பிக்குள் அடங்கும். அதோடு இரண்டு பக்கக் குறிப்பு. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். இரவில் சிக்னல் நன்றாக இருக்கும்போது இறக்கிக்கொண்டு, விடியற்காலையில் கேட்கலாம். சில ஆசிரியர்கள் தாமாகவே இப்படிச் செய்தார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி, சந்தேகம் இருப்பவர்களுக்கு மாலையில் போன் செய்து விளக்கினார்கள். எந்தச் சுற்றறிக்கையும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த ஆசிரியர்களுக்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளின் அனுபவத்தைத் தனியே சொல்லியாக வேண்டும். மகளிர் பல்கலைக்கழகத்தின் விடுதி அறை பல மாணவிகளுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த சொந்த மேசை. படிக்கப் போவது என்றால் ஊர்விட்டுப் போவது என்பது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார், பிறகு வேலூருக்குப் போனார். அந்த வழக்கத்துக்குள் பெண்கள் வந்து சேர எத்தனை தலைமுறை ஆயிற்று! 2020இல் ஒரே வாரத்தில் அவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டில் இருக்கும் பெண் சும்மா இருப்பதாகத்தான் வீடு நினைக்கும். வகுப்பு நடக்கும்போதே உலை வைக்கச் சொல்வார்கள், தண்ணீர் பிடிக்கச் சொல்வார்கள். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் அது முதலில் அண்ணனுக்கு. போனைக் கையில் வைத்திருக்கும் பெண்ணை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கல்லூரி திறந்தபோது வகுப்புக்குத் திரும்பாமல் கல்யாணமாகிப் போனவர்களும் உண்டு. ஆன்லைன் கல்வியால் எல்லோருக்கும் சமவாய்ப்பு என்று பேசுகிறவர்கள் அந்தக் காலியிடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

திரையின் சோர்வு பற்றியும் ஆய்வுகள் வந்துள்ளன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பைலன்சன் 2021இல் அதற்குச் சில காரணங்களைக் காட்டினார். முகத்துக்கு மிக அருகில் எல்லோருடைய கண்களும் இருப்பது, நம் முகத்தையே நாம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மனம் கூடுதலாக உழைப்பது. இவை உண்மைதான். ஆனால் கேமராவே போடாமல், கருப்புக் கட்டங்களை நோக்கி ஆசிரியர் பேசிய நம் வகுப்புகளில் சிக்கல் வேறு மாதிரி. வகுப்பறையில் பாடம் நடத்துகிறவர் பத்து நிமிடத்துக்கொரு முறை 'அர்த்தமாயிந்தா?' என்று கேட்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள், ஆனால் முகங்கள் சொல்லிவிடும். மூன்றாவது வரிசையில் புருவம் சுருங்கினால் அவர் மறுபடி சொல்வார், தெலுங்கில் புரியாத பிள்ளைக்குத் தமிழில் ஒரு வாக்கியம் சேர்ப்பார். இணையத்தில் அந்தக் கேள்வி 'வினிபிஸ்தோந்தா? கேட்குதா?' என்று மாறிவிட்டது. புரிந்ததா என்ற கேள்விக்கு நேரமே வாய்க்கவில்லை. காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் 2000ஆம் ஆண்டிலேயே சொன்னார்கள்: இணையவழி வகுப்பில் அறிவு சார்ந்த ஈடுபாடு, உடன் கற்பவரின் இருப்பு, ஆசிரியரின் இருப்பு ஆகிய மூன்றும் வேண்டும். நாம் முதலாவதை மட்டும், அதையும் பிடிஎஃப் கோப்பாக, அனுப்பினோம்.

நம் முன்னோடிகள் இப்படித் தவறவிடவில்லை. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடந்த 'சைட்' என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையில் ஆந்திரம் உட்பட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி எந்தத் தனி வீட்டுக்கும் போகவில்லை, பொது இடத்தில் வைக்கப்பட்டு ஊரே கூடிப் பார்த்தது. 1982இல் ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது, இன்று அம்பேத்கர் பெயரில் இயங்குகிறது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதுதான். அஞ்சலில் பாடம் அனுப்பியதோடு நிற்காமல், கல்வி மையங்களை அமைத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தியது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, அதை வழிநடத்திய வா.செ.குழந்தைசாமி இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அனுபவம் கொண்டவர். உலகெங்கும் பரவிய தமிழருக்கு இணையம் வழியே தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய அந்த நிறுவனமும் வெளிநாடுகளில் தொடர்பு மையங்களை ஏற்படுத்திக்கொண்டது. கருவி எதுவாயினும், கற்பவர்கள் கூடி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று இவர்கள் எல்லோரும் கருதினார்கள். எடுசாட்டின் முனையங்களும் வகுப்பறைகளில்தான் இருந்தன. கைப்பேசி மலிந்த பிறகு நமக்கு அந்த இடம் தேவையில்லை என்று தோன்றிவிட்டது. ஆளுக்கொரு திரை இருந்தால் போதும் என்று நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கை தவறு.

இவ்வளவு சொன்னதால் இணையவழிக் கல்வியே வேண்டாம் என்கிறேன் என்று எண்ண வேண்டாம். அதன் பயனை நேரில் பார்த்திருக்கிறேன். வகுப்பில் ஒருமுறை சொன்னால் புரியாத புள்ளியியல் பாடத்தை நான்கு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தேறிய மாணவர்கள் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு அது திறந்த கதவு. சித்தூர் அரசுக் கல்லூரி மாணவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் பாடத்தை என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தின் வழியே கட்டணமில்லாமல் கேட்க முடிகிறது, தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டினால் போதும். ஒரு தலைமுறைக்கு முன் இதை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. தமிழ்த்துறைகளைப் பொறுத்தவரை, 2020இல் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அறிஞர்களின் உரையைக் குப்பத்திலிருந்து கேட்டோம்.

என் கவலை இனி வருவதைப் பற்றியது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் பாடத் தளத்தில் படித்து அந்த மதிப்பீட்டுப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி செய்தது. முன்பு அது 20 விழுக்காடு. 2024 பிப்ரவரியில் ஆந்திர அரசு எட்எக்ஸ் என்ற இணையப் பாட நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, உலகப் பல்கலைக்கழகங்களின் பாடங்களை மாநில மாணவர்களுக்குத் திறந்துவிட முன்வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதே எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை என்ன சொல்கிறது? பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர்தான். ஹார்வர்டு பாடத்துக்கே இந்த நிலை என்றால், பக்கத்தில் யாரும் இல்லாத நம் மாணவர் என்ன செய்வார்? வாராவாரம் சமர்ப்பிக்க வேண்டிய ஒப்படைப்பின் விடைகளை டெலிகிராம் குழுவிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார். இதை ஒழுக்கக் கேடு என்று திட்டுவதற்கு முன், அந்தப் பாடத்தைப் பற்றிப் பேச அவருக்குக் கல்லூரியில் ஓர் ஆசிரியராவது இருந்தாரா என்று கேட்க வேண்டும். 2023இல் ஆந்திரப் பல்கலைக்கழகங்களில் 3,220 ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப அறிவிக்கை வெளியானது. அவ்வளவு நாற்காலிகள் காலியாக இருந்தன என்றுதான் அதற்கு அர்த்தம். ஆசிரியர் இல்லாத துறைக்கு ஸ்வயம் பாடத்தைக் காட்டி ஆள் நியமனத்தைத் தள்ளிப்போடும் நாள் வந்தால், அதை நாம் எதிர்க்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், ஊரில் தெலுங்கு, பாடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வாழ்கிறவர்கள். 2021-22 முதல் ஆந்திரப் பட்டப்படிப்புகள் ஆங்கில வழிக்கு மாறின. வகுப்பறையில் ஆசிரியர் மொழி மாற்றி மாற்றிப் பேசி அந்த இடைவெளியை நிரப்பினார். பதிவு செய்த காணொலி அப்படி மாற்றிச் சொல்லாது. என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. அது இருப்பதே நம் மாணவர் பலருக்குத் தெரியவில்லை. துறைகள் இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

பெருந்தொற்றின்போது சில அரசுகள் செய்தவை நமக்குப் பாடமாக வேண்டும். இலங்கையில் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களை மாணவர்கள் டேட்டா கட்டணமில்லாமல் பயன்படுத்த 2020இலேயே வழி செய்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். நான்கு மாதமே என்றாலும், டேட்டா என்பது குடும்பம் சுமக்க வேண்டிய செலவல்ல என்பதை அது ஒப்புக்கொண்டது. பஸ் பாஸ் கொடுக்கும் அரசு டேட்டாவும் கொடுக்கலாம். ஆனால் டேட்டா மட்டும் போதாது. தறிச் சத்தத்தை அது நிறுத்தாது.

ஆகவே என் கோரிக்கை இடத்தைப் பற்றியது. 2019 அக்டோபர் 2 முதல் ஆந்திரத்தில் ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் கிராம சச்சிவாலயங்கள், அதாவது கிராமச் செயலகங்கள், வந்தன. அவற்றில் கணினி உண்டு, இணையம் உண்டு, டிஜிட்டல் உதவியாளரும் கல்வி, நலத்துறை உதவியாளரும் உண்டு. அலுவலக நேரம் முடிந்த பிறகு மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஓர் அறையை ஊர் மாணவர்களுக்குத் திறந்துவைக்கலாம். பத்து நாற்காலி, இரண்டு மேசை, நல்ல விளக்கு போதும். பெண்கள் தயங்காமல் வந்துபோக ஒரு பெண் பொறுப்பாளர் வேண்டும். அங்கே கூடும் நான்கு பேர் ஒரே பாடத்தைப் படிக்கிறவர்களாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பக்கத்தில் ஒருவர் படிப்பதே படிக்க வைக்கும். சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர்கள் சோதனை முறையில் ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரே ஓர் ஊரில் இதைத் தொடங்கினால்கூடப் போதும்.

அரசு செய்யும்வரை பல்கலைக்கழகம் காத்திருக்க வேண்டாம். இந்த அவையில் இருக்கும் துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவத்தில் உங்கள் மாணவர்கள் ஸ்வயத்திலோ என்பிடெல்லிலோ எந்தப் பாடத்தில் சேர்ந்தாலும், அந்தப் பாடத்துக்கு வாரம் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையில் போடுங்கள், ஓர் அறையையும் ஓர் ஆசிரியரையும் ஒதுக்குங்கள். அந்த மணி நேரத்தில் புதிதாக எதையும் நடத்த வேண்டாம். மாணவர்கள் கேட்கட்டும்.